மிட்டாய் கரையும் வரை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சர் அக்கா அவர்களே, அக்காவின் மகளே, மூளை அலைப் பதிவு அறையின் தோழர்களே, செவிலியர்களே, கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வந்து கடைசி வரிசையில் இடம் பிடித்திருக்கும் எங்கள் நோயாளிகளே, அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த வீட்டாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிகள் ஏன் கடைசி வரிசையில் இருக்கிறார்கள்? இங்கே முன்னால் இடது பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறது. இன்று நாம் யாரை நினைத்துக் கூடியிருக்கிறோமோ, அந்த டாக்டர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். வாருங்கள். மெதுவாக வாருங்கள். நான் காத்திருக்கிறேன். இன்று நான் பேச வந்திருப்பதும் காத்திருப்பதைப் பற்றித்தான்.

நன்றி. உட்கார்ந்துவிட்டீர்களா? தொடர்கிறேன்.

நான் இந்த மருத்துவமனையின் மனநல மருத்துவர். மறைந்தவருக்கும் எனக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புச் சுவர்தான் இருந்தது. அவர் தும்மினால் என் நோயாளி திரும்பிப் பார்ப்பார். பேராசிரியர், நரம்பியல் நிபுணர், பதிவு அறையைத் தொடங்கியவர் என்று இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் அவருடைய பட்டங்களை எல்லாம் சொல்லிவிட்டார்கள். அவை அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பட்டங்களைச் சொல்லிப் புறநோயாளி வாசலில் விசாரித்துப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. "மிட்டாய் டாக்டர் எங்கே?" என்று கேளுங்கள், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கூடக் கை நீட்டி வழி காட்டுவார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி வந்ததிலிருந்து நான் அழவில்லை. அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கவில்லை. அழுகை வரவில்லை. ஊசி போட்ட ஈறு போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. சாப்பிடுகிறேன், நோயாளிகளைப் பார்க்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன். காலையில் இந்த வாசலில் என்னைப் பார்த்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "கூட வேலை பார்த்தவங்கதான், முகத்துல ஒரு சலனத்தையும் காணோமே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மா மேல் எனக்கு வருத்தமில்லை. முகத்தைப் பார்த்துத்தானே எல்லோரும் மனத்தை அளக்கிறோம்?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். நம் டாக்டர் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது அந்த ஒரு பழமொழியோடுதான்.

பார்க்கின்சன் நோய் என்றால் நமக்கு என்ன தெரியும்? கை நடுங்கும். நடை குறுகும். உடம்பு விறைக்கும். ஆனால் வீடுகளை உடைப்பது நடுக்கமா? இல்லை என்பார் அவர். மனம் சோர்ந்துபோகிறது. காரணமில்லாத பயம் வருகிறது. எதிலும் நாட்டம் இல்லாமல் போகிறது. யோசனை மெதுவாகிறது. போதாக்குறைக்கு முகத்தின் தசைகளும் இறுகிவிடுவதால், சோகத்தில் இருப்பவரும் சும்மா இருப்பவரும் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். "கை நடுங்குனா ஊருக்கே தெரியும், மனசு மடிஞ்சா வீட்டுக்கே தெரியாது" என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மருத்துவர்களிடம் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது மனப்பாடம்.

அதனால்தான் அந்தத் தொப்பி. நோயாளிகள் எல்லோருக்கும் அது தெரியும், போட்டிருக்கிறீர்கள், பிறகு தலைமுடியில் ஒட்டிய பசையைக் கழுவ முடியாமல் எங்களைத் திட்டியும் இருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூளையின் செல்கள் மிக மெல்லிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. தொப்பியில் இருக்கும் சிறு உலோக வில்லைகள் அந்த முணுமுணுப்பை மண்டைக்கு வெளியிலிருந்து ஒட்டுக்கேட்கின்றன. கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது அலைகள் ஒரு தாளத்தில் ஓடும். யோசனை தடுமாறும் நோயாளிகள் பலரிடம் அந்தத் தாளம் மந்தமாகிறது. ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, நடுவில் திடீரென்று வேறொரு ஓசையை எழுப்பினால் மூளை திடுக்கிட்டுத் திரும்பும், சிலரிடம் அந்தத் திடுக்கிடலும் வலுவிழந்திருக்கிறது. முகம் காட்டாததை, வாய் சொல்லாததை, இந்த அலைகளில் படிக்க முடியுமா? சோர்வுக்கு ஒரு அடையாளம், மறதிக்கு ஒரு அடையாளம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? இதுதான் அவருடைய கேள்வி. வேறு கேள்வியே அவரிடம் கிடையாது.

இந்த இடத்தில் அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதீர்கள், ஓட்டுநர் அண்ணன் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பதிவு அறைக்கு ஒரு புது நாற்காலி வந்தது. சாய்ந்துகொள்ளலாம், கால் நீட்டிக்கொள்ளலாம், கழுத்துக்குத் தனித் திண்டு. நோயாளிகள் வசதியாக இருக்கட்டும் என்று டாக்டரே நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கியது. அது வந்ததிலிருந்து பதிவுகள் மாறின. வந்தவர்களில் பாதிப்பேரின் அலைகள் மந்தமாக இருந்தன. இதுவரை யாருமே காணாத ஒன்றை நாங்கள் பார்க்கிறோம் என்று அந்த அறையே பரபரத்தது. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டார்கள். அப்போது ஒரு நாள் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தொப்பியோடு அந்த நாற்காலியில் சாய்ந்தார். அலைகள் மிக மிக மந்தமாக ஓடின. எல்லோரும் திரையைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

ஆம் அன்பர்களே, தூக்கக் கலக்கத்திலும் மூளையின் தாளம் மந்தமாகும். அது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஆனால் படித்தவர்கள் அத்தனை பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரை எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அத்தனை பதிவுகளையும் டாக்டர் ஒதுக்கிவைத்தார். துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரு நாற்காலியோட மூளையைத்தான் இவ்வளவு நாள் அளந்திருக்கோம்" என்று அவரே சொன்னார். மறுநாள் ஒரு மர நாற்காலி வந்தது. வசதி நாற்காலியை அறைக்கு வெளியே, துணைக்கு வந்தவர்கள் காத்திருக்கும் இடத்தில் போட்டார். கணவனின் நடுக்கத்தோடு இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவிகள், அம்மாவை எழுப்பி உட்காரவைத்தே முதுகு போன மகன்கள், அவர்கள்தான் அதில் தூங்க வேண்டியவர்கள் என்றார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. திண்டு கிழிந்து நாலு முறை தைத்தாயிற்று.

அந்தக் குறட்டைக்குப் பிறகுதான் அவர் மாறினார் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சியை விடவில்லை. ஆனால் அலையின் மேல் வைத்திருந்த மரியாதையில் ஒரு பாதியை ஆளின் மேல் வைத்தார். இளைய மருத்துவர் ஒருவர் ஒரு பதிவை நீட்டி, "இவருக்கு மனச்சோர்வு இருக்குன்னு அலை சொல்லுது சார்" என்றபோது அவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம், சரி. அதை மட்டும் வைத்துக்கொண்டு மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவரின் உயரத்தைச் சொல்லிவிடுவாயா? கதவைத் திறந்து பார்க்க மாட்டாயா? அலை கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். தனி ஆளைப் பற்றி அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அலையே ஆளைப் பற்றியும் சொல்லலாம், அதற்குத்தான் உழைக்கிறோம், ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை என்பார்.

ஆளைக் கேட்பது என்ன அவ்வளவு சுலபமா? இந்த நோயில் பதில் மெதுவாகத்தான் வரும். கேள்வி உள்ளே போய், இடம் தேடி, சொல் எடுத்து, அந்தச் சொல் வாய்க்கு வந்து சேர்வதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். "நல்லாதான் இருக்கார் டாக்டர்" என்று மனைவி பதில் சொல்லிவிடுவார். "தூக்கம் சரியா இல்லையோ?" என்று மருத்துவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். பாதி வழி வந்த பதில் அப்படியே திரும்பிப் போய்விடும்.

அதற்காகத்தான் மிட்டாய். கேள்வியைக் கேட்க வேண்டும். உடனே ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது கரையும் வரை பேசக்கூடாது. கடிக்கவும் கூடாது, கடித்தால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும். துணைக்கு வந்தவருக்கும் ஒன்று கொடுத்துவிடுவார், மறுக்க முடியாது. டாக்டருக்கு இனிப்பு என்றால் உயிர் என்று ஊரே நம்பியது. உண்மையில் அவருக்கு இனிப்பே ஆகாது. வாயைக் கட்ட வேறு வழி தெரியாமல் இத்தனை வருடம் பிடிக்காத பண்டத்தைத் தின்றார் அந்த மனிதர். அந்த மிட்டாய் கரைவதற்குள் எத்தனை பேர் எத்தனை விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்கள்! சாக வேண்டும் என்று தோன்றுவதாக முதல்முறையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று இந்த அரங்கில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை.

பிறகு அவருக்கே அந்த நோய் வந்தது.

எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு நோயாளியிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு மிட்டாயை எடுத்தார். அதன் தாளைப் பிரிக்க வரவில்லை. விரல்கள் முறுக்கின, தாள் அசையவில்லை. அந்த நோயாளி பதில் சொல்லி முடிக்கும்வரை அந்த மிட்டாயைக் கையிலேயே வைத்திருந்தார். சாயங்காலம் என் அறைக்கு வந்து அதை மேசையில் வைத்து, "தாள் பிரியல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பேருக்கும் புரிந்தது.

ஓய்வு பெற்றார். அதே பதிவு அறைக்கு நோயாளியாக வந்தார். மர நாற்காலியில் உட்காரவைத்துத் தொப்பி மாட்டினோம். கொஞ்ச நேரத்தில், "இந்த நாற்காலி இவ்வளவு மோசமாவா இருக்கு? ஏன்யா யாரும் சொல்லல?" என்றார். தன் முறைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்த ஓட்டுநர் அண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார். "நீங்க அதை மட்டும் கேக்கலையே டாக்டர்." டாக்டர் சிரித்தார். முகத்தில் அல்ல, முகம் அதற்குள் இறுகிப்போயிருந்தது. தோள் குலுங்கியது. மர நாற்காலிக்கு மெத்தை தைத்துப் போட்டது அதற்கு அடுத்த வாரம்.

இனிமேல் நான் சொல்லப்போவது நம் டாக்டரின் மனைவி டீச்சர் அக்காவுக்கு. மற்றவர்களும் கேளுங்கள்.

இன்று காலை, கூட்டம் தொடங்கும் முன்னால், இந்த அரங்கின் பக்கத்துத் தாழ்வாரத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கடைசி இரண்டு வருடம் வீட்டில் அவர் பேசவே இல்லை என்றார். மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னால் "ம்" என்பாராம். குளிப்பாட்டினாலும் "ம்", சாப்பாடு ஊட்டினாலும் "ம்". ஜன்னலைப் பார்த்தபடியே இருப்பாராம். அப்புறம் அக்கா கேட்டார்: "அது நோயா, இல்ல நான் அவருக்கு ஒரு ஆளாவே தெரியாமப் போயிட்டேனா? நீங்கதானே அவர் தலைக்குள்ள பாத்தவங்க. சொல்லுங்க."

அக்கா, உங்கள் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன். சபையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே இருக்கிற பாதி வீடுகளிலும் இதே கேள்வி இருக்கும், சொல்லுங்கள் என்றீர்கள்.

அவர் தலைக்குள் நான் பார்த்தேனா? பார்த்தேன். கடைசியாக எடுத்த பதிவை நேற்று மறுபடியும் திறந்து பார்த்தேன். தாளம் மந்தமாக இருக்கிறது. திடீர் ஓசைக்குத் திடுக்கிடுவது குறைந்திருக்கிறது. யோசனை தடுமாறும் கூட்டத்தோடு அந்த அலை சேர்கிறது, நாட்டம் குறைந்த கூட்டத்தோடும் சேர்கிறது. ஆனால் அந்தக் கோடுகளில் நீங்கள் இருக்கிறீர்களா அக்கா? நான் தேடினேன். படித்த படிப்பு அத்தனையையும் வைத்துக்கொண்டு தேடினேன். எனக்குத் தெரியவில்லை. இருக்கிறீர்கள் என்றோ இல்லை என்றோ அந்தக் கோடுகளைக் காட்டி நான் சொன்னால், அது அவர் தொழிலுக்குச் செய்கிற துரோகம்.

ஆனால் அவரே போட்ட விதி ஒன்று உண்டு. பதிவு முடிந்து தொப்பியைக் கழற்றும் முன்னால் ஆளைக் கேட்க வேண்டும். அன்றும் கேட்டேன். துணைக்கு வந்தவர் உள்ளே இல்லை, நீங்கள் வெளியே அந்தக் கிழிந்த நாற்காலியில் இருந்தீர்கள். "மனசு எப்படி இருக்கு சார்?" என்றேன். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். காத்திருந்தேன். எதிரே கண்ணாடித் தடுப்பில் அவர் முகம் தெரிந்தது, ஒரு சலனமும் இல்லை. மிட்டாய் பாதியானது. சன்னமானது. பதில் வராது என்றே நினைத்தேன். அது முழுக்கக் கரைந்து நாக்கில் வெறும் குளிர்ச்சி மட்டும் மிச்சமிருந்தபோது வாய் திறந்தார்.

"வெளிய அவ தூங்குறாளா?"

எழுந்து போய்க் கதவு இடுக்கில் பார்த்தேன் அக்கா. கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மன்னியுங்கள். ஆமாம், நல்ல தூக்கம் என்று வந்து சொன்னேன். மறுபடியும் நெடுநேரம். அப்புறம் சொன்னார்.

"அப்ப நல்லாருக்கு."

நான் கேட்டது அவர் மனத்தைப் பற்றி. அவர் சொன்ன பதில் இதுதான். தொப்பியைக் கழற்றினேன். எழுப்ப வேண்டாம் என்று கையால் காட்டினார், நீங்களாக விழிக்கும்வரை மர நாற்காலியிலேயே இருந்தார். பதிவு அதிக நேரம் பிடித்துவிட்டது என்று உங்களிடம் சொன்னோமே, அது பொய். இதை உங்களிடம் சொல்லட்டுமா என்று அன்றே அவரிடம் கேட்டேன். "கேட்டா சொல்லு" என்றார். அறையில் பேசியது நோயாளிக்குச் சொந்தம், அவர் விதித்த எல்லையை நான் மீற முடியாது. இன்று காலை நீங்கள் கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

இதைச் சொல்லும்போதாவது எனக்குக் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை. பரவாயில்லை. அது வந்து சேர நேரமாகும் போலிருக்கிறது. எனக்கும் யாராவது ஒரு மிட்டாய் நேரம் தர வேண்டும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன், எதைத் தொடர்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பதிவு அறை மூடப்படாது. தொப்பி இருக்கும், பசை இருக்கும், அந்தப் பசைக்காக நீங்கள் எங்களைத் திட்டுவதும் இருக்கும். அலையில் அடையாளம் தேடுவதை விடமாட்டோம், ஒருநாள் அது கிடைத்தாலும் ஆளைக் கேட்பதை விடமாட்டோம். வெளியில் இருக்கும் நாற்காலியை ஐந்தாவது முறையும் தைப்போம்.

நிறைவாக ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொல்லித் தலைவர் என்னைப் பணித்திருக்கிறார். நம் டாக்டருக்கு மௌனம் பிடிக்கும், ஆனால் சும்மா வருகிற மௌனம் பிடிக்காது. கேள்வி கேட்டுவிட்டு வருகிற மௌனம்தான் பிடிக்கும். வாசலில் நுழையும்போது உங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்களே, எதற்கு என்று குழம்பியிருப்பீர்கள். அதைப் பிரியுங்கள். பிரிக்க வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பிரித்துக்கொடுங்கள். நோயாளிகள் வாயில் போட வேண்டாம், கையில் வைத்திருந்தால் போதும், விழுங்குவதில் சிரமம் வரும். நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கடிக்கக்கூடாது.

நான் இறங்கி அக்காவின் பக்கத்தில் உட்காரப்போகிறேன். அதற்கு முன்னால் இந்த ஒலிவாங்கியிலேயே கேட்டுவிடுகிறேன். இதற்குப் பிறகு என்னால் பேச முடியாது, வணக்கமும் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்க மனசு எப்படி இருக்கு?